கிராமப்புறக் கவுண்டிக்குப் புதிய ஜெயில் தேவையா? பழைய ஜெயிலில் மூன்று ராத்திரி படுத்தவனின் பதில்

கேள்வி: நாங்கள் இருப்பது அமெரிக்காவில் ஒரு கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் மாதிரி). ஜெயில் நிரம்பி வழிகிறது, புதிது கட்ட வரியை ஏற்ற வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு செலவு தேவைதானா?

நீங்களும் என்னை மாதிரி ஃபேக்டரி வேலைக்காக வந்து, பெரிய ஊரில் வாங்க முடியாத வீட்டை இந்தப் பக்கம் வாங்கியவராகத்தான் இருப்பீர்கள். வரி ரசீதைப் பார்த்த கையோடு இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். வரி விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் எங்கள் கவுண்டியின் ஜெயிலில் நான் மூன்று ராத்திரி படுத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதற்கு என்னால் பதில் எழுத முடியாது.

இந்தியானா, 2018 பிப்ரவரி. அதற்குச் சில மாதங்கள் முன்பு வேகமாகப் போய், கவனமில்லாமல் ஓட்டியதாக என் மேல் ஒரு வழக்கு. அது என் தப்பு, மறுக்கவில்லை. கோர்ட் தேதி சொல்லும் கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. நான் ஆஜராகாததால் வாரன்ட் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கையில் விலங்கு மாட்டினார். நீதிபதி திங்கள் காலைதான் வருவார்.

கவுண்டி ஜெயிலை நம் ஊர் கிளைச்சிறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வாங்கியவர்கள் இருக்கும் இடம் இல்லை, அது மாநிலச் சிறை. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் வழக்கு முடியாதவர்கள். நாடு முழுவதற்குமான 2022 கணக்கில், உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

எட்டுக் கட்டில் இருந்த அறையில் என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். கட்டில் கிடைக்காதவர்களுக்குத் தரையில் போட ஒரு பிளாஸ்டிக் தொட்டி தருவார்கள். அதற்கு அங்கே ‘போட்’ என்று பெயர். படகு மாதிரியே இருக்கும், உள்ளே இரண்டு விரல்கடை மெத்தை. என் போட் கக்கூஸ் சுவரை ஒட்டிக் கிடந்தது. ராத்திரி யார் எழுந்து போனாலும் என் தலைமாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டீல் தொட்டியில் ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் சாரல் என் கம்பளியில் விழும். முதல் ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்தேன். மறுநாள் ராத்திரி தலையையும் காலையும் மாற்றிப் படுத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சனிக்கிழமை நள்ளிரவில் ஒரு பையனுக்குப் போதை மருந்து இல்லாமல் உடம்பு முறுக்க ஆரம்பித்தது. வாந்தி, நடுக்கம். அந்தப் பக்கம் முழுவதற்கும் அந்த ஷிஃப்டில் இருந்தது ஒரே ஒரு காவலர், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மண்டியிட்டு உட்கார்ந்து, பேப்பர் கப்பில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நர்ஸ் காலையில்தான் வருவார். அதனால் ஜெயிலை நடத்தும் கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிஃப் ‘இடமில்லை, ஆளில்லை’ என்று சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே மாட்டேன். இதே இந்தியானாவில் வீகோ கவுண்டி ஜெயிலின் நிலைமை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ஃபெடரல் நீதிமன்றமே அதே 2018-ல் தீர்ப்பு சொன்னது. பழைய கட்டடத்தை அப்படியே விட்டுவைக்க முடியாது.

அப்புறம் எதற்குத் தயக்கம் என்று கேட்பீர்கள். பக்கத்துப் போட்டில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயில் 5,000 டாலர். அதில் பத்து சதவீதம், 500 டாலர் கட்டினால் அன்றைக்கே வெளியே போகலாம். ஏழு வாரமாக அந்த 500 இல்லை. அதற்குள் வேலை போய்விட்டது. நான் கறி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் தன் தட்டில் இருந்த வேர்க்கடலை வெண்ணெயை என் ரொட்டியில் தடவிக் கொடுத்தார். திங்கள்கிழமை நீதிபதி என்னை ஐந்து நிமிடத்தில் விடுவித்தார். என் அக்கவுண்டில் 500 டாலர் இருந்தது. அவருக்காக நான் கட்டவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்று ஓடி வந்துவிட்டேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

உடனே கீழே ‘குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறான்’ என்று எழுதுவார்கள். விசாவில் இருப்பவனுக்கு இதில் என்ன பேச்சு என்றும் கேட்பார்கள். ஓட்டு இல்லை, சரி. வரி கட்டுகிறேன். ஆபத்தானவர்களை வெளியே விடு என்று நான் சொல்லவில்லை. நாம் கட்டப்போகும் படுக்கைகளில் எத்தனை ஆபத்தானவர்களுக்கு, எத்தனை 500 டாலர் இல்லாதவர்களுக்கு என்று கேட்கிறேன். பக்கத்து மாநிலமான இல்லினாய் 2023 செப்டம்பரில் பணம் கட்டும் பெயிலையே எடுத்துவிட்டது. எங்கள் ஜெயில் நிரம்பியதற்கும் ஊரில் குற்றம் கூடியது மட்டுமே காரணம் இல்லை. கடுங்குற்றங்களில் கடைசிப் படியில் உள்ள ‘லெவல் 6’ குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோரை 2016 முதல் கவுண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னது மாநில அரசு. 2022-ல் அதைத் தளர்த்தினார்கள். நடுவில் நிரம்பிய கணக்கை வைத்து அடுத்த முப்பது வருடத்துக்குக் கட்டடம் கட்டினால் எப்படி?

செலவு விஷயத்துக்கு வருகிறேன். கட்டடச் செலவைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறார்கள். கட்டடம் ஒரு தடவை, சம்பளம் ஆயுசுக்கும். ஒரு காவல் இடத்தில் இரவு பகல் ஆள் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் என்றாலே நாலு பேருக்கு மேல். லீவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். வரைபடத்தில் ஒரு காவல் இடம் கூடினால் ஐந்து சம்பளம் கூடுகிறது. மருத்துவமும் அப்படித்தான். வெளியே மெடிக்கெய்டில், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், மருந்து வாங்குகிறவருக்கு ஜெயிலுக்குள் போனதும் பெரும்பாலும் அந்தப் பணம் வராது. வைத்தியம் பார்க்காமலும் இருக்கக் கூடாது என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சுலின், டயாலிசிஸ் எல்லாம் கவுண்டி தலையில்.

‘பெரிதாகக் கட்டிவிட்டு மீதிப் படுக்கைகளை வாடகைக்கு விடலாம்’ என்று யாராவது சொன்னால், மொன்டானாவின் ஹார்டின் ஊரைப் பற்றிக் கேளுங்கள். 27 மில்லியன் டாலர் கடன் பத்திரம் போட்டு, 464 படுக்கையோடு 2007-ல் கட்டி முடித்தார்கள். கைதிகள் வரவில்லை. 2009-ல் குவாண்டனாமோ ராணுவச் சிறையில் இருந்த பயங்கரவாத வழக்குக் கைதிகளையாவது எங்களுக்கு அனுப்புங்கள் என்று அந்த ஊர்க் கவுன்சில் தீர்மானம் போட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். என் மனைவிக்கு வலி எடுத்தது ஜனவரி ராத்திரி. பனியில் ஐம்பது மைல் ஓட்டினேன். அவள் பின் சீட்டில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ‘பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வார்டு மூடியபோது வரியைக் கூட்டியாவது காப்பாற்றலாம் என்று ஒருவர்கூட எழுந்து பேசவில்லை.

என் பதில் இதுதான்: பழையதை இடித்துப் புதிது கட்டுங்கள். நர்ஸ் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கட்டும், தரையில் யாரும் படுக்க வேண்டாம். ஆனால் படுக்கை எண்ணிக்கையை ஆர்க்கிடெக்ட் சொல்லக் கூடாது. கவுண்டி கவுன்சில் கூட்டத்துக்குப் போங்கள். பொதுமக்கள் பேச வழக்கமாக மூன்று நிமிடம் தருவார்கள், கூட்டம் தொடங்கும் முன்பே வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிடுங்கள். இன்று ராத்திரி உள்ளே இருப்பவர்களில் தண்டனை பெற்றவர் எத்தனை, விசாரணைக்குக் காத்திருப்பவர் எத்தனை, ஆயிரம் டாலருக்குள் கட்ட முடியாமல் கிடப்பவர் எத்தனை என்று கேளுங்கள். நான் கேட்டபோது கையில் கணக்கு இல்லை என்றார்கள். அடுத்த மாதமும் போனேன். இந்த மாதமும் போகிறேன்.