சுகர் ஃப்ரீ அல்வாவும் 318 என்ற எண்ணும்

கேள்வி: சர்க்கரை நோய் உள்ள என் அம்மா "சுகர் ஃப்ரீ" இனிப்புகளைப் பயமில்லாமல் சாப்பிடலாமா? கருப்பட்டி இனிப்பு அதைவிட நல்லது என்கிறார்களே, உண்மையா?

பயமில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவு தெரிந்து சாப்பிடலாம். கருப்பட்டியின் மணத்துக்கும் ருசிக்கும் இணை கிடையாது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அது வெள்ளைச் சர்க்கரையின் கூடப்பிறந்ததுதான்.

நான் மருத்துவர் அல்ல. கோவில்பட்டியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவரின் மகன். உணவுத் தொழில்நுட்பம் படித்து, ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு 52 வயதில் சர்க்கரை நோய் வந்தது. அதனால் அடுப்படி, ஆய்வுக்கூடம், நோயாளி வீடு என்று மூன்று பக்கமிருந்தும் இனிப்பைப் பார்த்திருக்கிறேன். (எங்கள் பக்கம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்போம். இந்தப் பதிலிலும் இரத்தத்தில் இருப்பதைச் சர்க்கரை என்றும், டப்பாவில் இருப்பதைச் சீனி என்றும் எழுதுகிறேன்.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு உறவினர் ஒருவர் ஆசையாக ஒரு கிலோ "சுகர் ஃப்ரீ" அல்வா வாங்கி வந்தார். அப்பா, வாழ்நாளெல்லாம் இனிப்பு கிண்டிய மனிதர், நான்கு ஆண்டுகளாக வாயைக் கட்டியிருந்தவர், அன்று பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு துண்டு. யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 318 என்று காட்டியது. வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் பின் 170, 180 இருக்கும். கருவியில் கோளாறு என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினோம். 311.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் கடையில் அல்வா போடும் மாஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சீனி ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை தம்பி. கம்பெனியிலிருந்து ஒரு பாகும் ஒரு பொடியும் வருகிறது, அதைத்தான் போடுகிறோம்" என்றார். பாகு மால்டிடால். பொடி மால்டோடெக்ஸ்ட்ரினில் கலந்த சுக்ரலோஸ். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சீனி இல்லைதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இனிப்புப் பலகாரத்தில் சீனி தித்திப்புக்காக மட்டும் இருப்பதில்லை. பலகாரத்தின் உடம்பே அதுதான். பாகு ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸில் உருட்டுப் பதத்துக்கு வரும். 150 டிகிரியை நெருங்கும்போது, தண்ணீரில் விட்டால் கண்ணாடிபோல் முறியும். லட்டைப் பிடித்து நிறுத்துவதும், மைசூர்பாகில் கண் விடவைப்பதும், நான்கு நாள் வைத்தாலும் கெடாமல் ஈரத்தைக் கட்டிப்போடுவதும் அந்தப் பாகுதான். சுக்ரலோஸ் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு தித்திப்பானது. ஒரு கிலோ சீனியின் தித்திப்புக்கு ஒன்றரை, இரண்டு கிராம் போதும். தித்திப்பு வந்துவிடும், மீதி ஒரு கிலோ உடம்புக்கு எங்கே போவது? அந்த இடத்தை நிரப்பத்தான் மால்டிடாலும் மால்டோடெக்ஸ்ட்ரினும் வருகின்றன.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தைத் துண்டுதுண்டாக வெட்டிய பொடி. நாக்கில் தித்திப்பு தெரியாது, ஆனால் குடலில் குளுக்கோஸாக உடைந்து, கிட்டத்தட்ட குளுக்கோஸ் குடித்த வேகத்திலேயே இரத்தத்துக்குப் போய்விடும். மால்டிடால் பாதி அப்பாவி. குளுக்கோஸின் வேகத்தை 100 என்று வைத்தால் சீனி 65 அளவில் வரும். மால்டிடால் 35 அளவில், அதன் பாகு இன்னும் சற்று மேலே. சீனியைவிடக் குறைவுதான், பூஜ்யம் அல்ல. இதோடு கோதுமைப் பாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்வாவின் உயிரே கோதுமைப் பால்தான். அது முழுக்க மாவுச்சத்து, அதாவது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. மணிக்கணக்கில் கிண்டி வெந்த மாவுச்சத்து சீக்கிரம் செரிக்கும். சீனியே சேர்க்காத அல்வாவும் சர்க்கரையை ஏற்றும் என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். படித்தவன் நான்.

சட்டப்படியும் அந்தப் பெயரில் தவறு இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரைகள் இல்லாவிட்டால் "சுகர் ஃப்ரீ" என்று போடலாம். மால்டிடால் அந்தக் கணக்கில் வராது. மாவுச்சத்தும் வராது. ஆகவே உங்கள் அம்மாவுக்காகப் பெட்டியைக் கையில் எடுத்தால், முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பிடித்து "மொத்த கார்போஹைட்ரேட்" என்ற வரியைப் பாருங்கள். "சர்க்கரை 0" என்று இருக்கும். அதற்கு மேலேயே கார்போஹைட்ரேட் 60 என்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 60. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். பெயருக்குப் பதில் எண் இருந்தால், 965 மால்டிடால், 953 ஐசோமால்ட், 967 சைலிடால், 955 சுக்ரலோஸ். எடை போட்டு விற்கும் கடை இனிப்பில் இந்த அட்டவணை இருக்காது. அதனால்தான் பெட்டியில் அடைத்ததைவிடத் தட்டில் அடுக்கிய "சுகர் ஃப்ரீ" இனிப்புக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன்.

மால்டிடால், சார்பிடால் வகைகள் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நீரை இழுக்கும், வாயுவும் உண்டாகும். உறையில் மலமிளக்கும் தன்மை குறித்து எச்சரிக்கை இருப்பது அதனால்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால், சைலிடால் கலந்த மிட்டாய் அதன் வாயில் படவே கூடாது. நமக்குத் தீங்கு செய்யாத அளவே நாய்க்கு இன்சுலினைத் திடீரென்று சுரக்கவைத்து உயிருக்கு உலை வைக்கும்.

இனி கருப்பட்டி. பதநீர் காய்ச்சும் மணத்தில் வளர்ந்தவன் என்பதால், இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. பதநீரில் இருக்கும் தித்திப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்தான். கரும்புச் சாற்றிலும் அதுவேதான். சுத்திகரிக்காமல் காய்ச்சுவதால் கொஞ்சம் தாதுக்கள் தங்குகின்றன, நிறமும் மணமும் தங்குகின்றன. 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 85 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. "இரும்புச்சத்து இருக்கிறதே" என்பார்கள். 10 கிராம் வெல்லத்தில் கிடைக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடுவதே அரிது; தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். இரும்புக்காக வெல்லம் தின்று அதை ஈடுகட்டுவது சர்க்கரை நோயாளிக்கு ஆகிற காரியமா? முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எதற்கு இருக்கின்றன? இது தவிர, சீனியைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தைக்கு வருகிறது.

கருப்பட்டியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்திருந்தால், பனையேறிகள் பிழைக்க வேண்டும் என்று நினைத்தால், நல்ல கருப்பட்டி வாங்குங்கள். அதை மருந்து என்று நினைத்து இரண்டு கரண்டி கூடப் போடுவதுதான் ஆபத்து. எங்கள் தெருவில் கருப்பட்டிக் காபி என்று நாளைக்கு ஐந்து முறை குடித்த ஒரு பெரியம்மாவைப் பார்த்திருக்கிறேன். சீனிக் காபி என்றால் இரண்டோடு நிறுத்தியிருப்பார்.

செயற்கை இனிப்பூட்டிகளால் கெடுதல் வருமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். சுக்ரலோஸ் பிறந்த கதை விசித்திரமானது. 1976இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இளம் ஆய்வாளரிடம் ஒரு வேதிப்பொருளைச் "சோதித்துப் பார்" என்றார்கள்; அவர் காதில் "சுவைத்துப் பார்" என்று விழுந்தது, நாக்கில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பாதுகாப்பு ஆய்வுகள் நிறைய நடந்துவிட்டன. 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. செய்தித் தலைப்புகளில் அந்த வரி காணாமல் போனது. நம்மவர்களிடமே நடந்த ஆய்வும் இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் வெளியிட்டது: இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேர், 12 வாரம். ஒரு பிரிவினர் காபி, தேநீரில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். எடையும் இடுப்பளவும் சற்றுக் குறைந்தன. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, காபிக்கு அது போதுமானது. அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எரித்ரிடால் என்ற இன்னொரு மாற்று இனிப்பின் விஷயத்தில் மட்டும் நான் சற்று ஒதுங்கியே நிற்கிறேன்: 2023இல் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்ததைக் கண்டார்கள். காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் இதய நோயும் உள்ள என் அப்பாவுக்கு அதை நான் வாங்குவதில்லை.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். 318க்குப் பிறகு அப்பா "சுகர் ஃப்ரீ" எதையும் தொடுவதில்லை. அவர் தேர்ந்தெடுத்தது அவரே செய்த கடலை மிட்டாய். கடையில் ஒரு கிலோ வறுத்த கடலைக்கு முக்கால் கிலோ வெல்லம் போடுவோம். வீட்டுக்குச் செய்யும்போது வெல்லத்தை அரைக் கிலோவாகக் குறைத்தார். பாகு பிடிக்காமல் உதிரும், பரவாயில்லை என்றார். 20 கிராம் துண்டில் ஏழு கிராமுக்குக் குறைவாகவே வெல்லம். கடலையின் எண்ணெயும் புரதமும் வயிற்றிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கின்றன. ஒரு துண்டு, வாரத்தில் இரண்டு நாள், வெறும் வயிற்றில் ஒருபோதும் இல்லை, சாப்பாட்டுக்குப் பின்தான். அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைவு.

சாப்பாட்டுக்குப் பின் என்பதற்குக் காரணம் உண்டு. 2015இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், கோழிக்கறியும் காய்கறியும் பிறகு. இன்னொரு நாள் தலைகீழாக. காய்கறியும் கறியும் முதலில் போன நாளில், ஒரு மணி நேரத்தில் எடுத்த சர்க்கரை அளவு 37 சதவீதம் குறைவு. பதினொரு பேர் என்பது சிறிய கூட்டம்தான். அப்பாவிடம் நான் இதைச் சொன்னதும், பழைய கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒரு மாதம் தன் விரலிலேயே சோதித்தார். முதலில் பொரியல், அவித்த முட்டை, அப்புறம் சோறு, கடைசியில் மிட்டாய். அவர் நோட்டில் 200ஐத் தாண்டிய நாள் இரண்டுதான். உங்கள் அம்மாவும் இப்படி எழுதிப் பார்க்கட்டும். எந்த இனிப்பு, எத்தனை துண்டு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று. அவர் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று என்னைவிட அந்த நோட்டுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பா முன்பு சட்டைப் பையில் "சுகர் ஃப்ரீ" புதினா மிட்டாய் வைத்திருப்பார். ஒருமுறை காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் திருநெல்வேலி பஸ் ஏறினார். கயத்தாறு தாண்டியதும் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டது. சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்கே தெரிந்தது. பையிலிருந்து மூன்று மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சரியாகிவிடும் என்று காத்திருந்தார். சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாத ஐசோமால்டில் செய்த மிட்டாய் அது. எப்படி ஏறும்? பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரி மாணவி பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்த மாம்பழச் சாற்று டப்பாவை உடைத்துக் குடிக்கவைத்திருக்கிறார். அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை என்பதுதான் மருத்துவர் சொல்லித் தந்த முறை. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். உங்கள் அம்மா வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவராக இருந்தால், சீனித் தண்ணீரும் உடனே கைகொடுக்காது, ஏனென்றால் சீனியை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது, குளுக்கோஸே வேண்டும். மாத்திரைச் சீட்டைப் பார்த்து, மருத்துவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் இப்போது மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் பொடி, மூன்று தேக்கரண்டி அளவில் அம்மா மடித்துக் கொடுத்த பொட்டலமாக இருக்கிறது. துவைக்கப் போடும்போது மறக்காமல் எடுத்து, அடுத்த சட்டையில் வைப்பது என் வேலை.