எடை மேடைக்குப் புதிய கணினி: யுஎஸ்பி சீரியல் அடாப்டருக்கு டிரைவர் நிறுவும் முறை

கேள்வி: ராணிப்பேட்டைக்கு அருகே எடை மேடை நடத்தி வருகிறேன். பழைய கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள புதிய டெஸ்க்டாப் வாங்கினேன். அதன் பின்பக்கத்தில் ஒன்பது பின் சீரியல் போர்ட் இல்லை என்பதால் யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றை வாங்கிச் செருகினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வருகிறது. கேபிளுடன் கொடுத்த சிடியில் இருந்த டிரைவரை (சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) போட்டும் பயனில்லை. எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரில் எடை சரியாகத் தெரிகிறது. பில் போடும் மென்பொருளில் மட்டும் வரவில்லை. ஆட்கள் எடையைப் பார்த்துக் கையால் அடிக்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: இண்டிகேட்டரில் எடை ஒழுங்காகத் தெரிவதால், மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்களிலோ அவற்றின் ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸிலோ கை வைக்க வேண்டியதில்லை. கோளாறு இண்டிகேட்டருக்கும் மென்பொருளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அடாப்டரை விண்டோஸ் ஏற்றுக்கொண்டதா என்பதை முதலில் பாருங்கள். அந்த அடாப்டரின் வழியாக இண்டிகேட்டர் அனுப்பும் எண்கள் வந்து சேர்கின்றனவா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலாவது தீரும் வரை பில் மென்பொருளைத் திறக்க வேண்டாம். இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள். டிரைவர், காம் எண் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் எண்), பாட் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்), ஒயரிங் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவர்கள், ஒன்றைச் சரிசெய்யும்போதே மற்றொன்றைக் கெடுத்துவிடுவதால், எதனால் வேலை நடக்கவில்லை என்றே தெரியாமல் நாளைத் தொலைக்கிறார்கள்.

எந்த டிரைவர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேபிளின் தலைப்பகுதிக்குள் இருக்கும் சிப்தான். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட பெயர் அல்ல. உடன் வரும் சிடியில் வேறு சிப்புக்கான டிரைவர் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான் என்பதால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் உள்ள வரியில் இரண்டு முறை கிளிக் செய்து, டீடெயில்ஸ் என்ற தாவலுக்குப் போய், அங்குள்ள பட்டியலில் ஹார்டுவேர் ஐட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவனத்தைக் குறிக்கும் விஐடி, பொருளைக் குறிக்கும் பிஐடி என்று இரண்டு குறியீடுகள் தெரியும். விஐடி 0403 என்றிருந்தால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். 1ஏ86 என்றும் அதையடுத்து 7523 என்றும் இருந்தால் சிஎச்340. 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ். 067பி, 2303 என்றால் புரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303. முதல் மூன்றும் பெரிய தொல்லை தருவதில்லை. இணைய இணைப்பு இருந்தால் விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் டிரைவரைக் கொண்டுவந்துவிடும். வராவிட்டால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவர் தருவதாகச் சொல்லும் பொதுவான தளங்களின் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது நான்காவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வரியின் பெயரே 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012' என்றோ, 'திஸ் இஸ் நாட் புரொலிஃபிக் பிஎல்2303' என்றோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அல்லது ஜெனரல் தாவலில் கோட் 10 என்ற பிழை எண் இருக்கிறதா என்று பாருங்கள். புரொலிஃபிக் தன் பழைய எச்எக்ஸ்ஏ வகை சிப்பை நிறுத்திவிட்டது. அந்த வகையைப் போலவே செய்த போலிகளும் சந்தையில் ஏராளமாகப் புழங்கியதால், நிறுவனம் வெளியிடும் புதிய டிரைவர்கள் பழைய சிப்பையும் போலிச் சிப்பையும் அடையாளம் கண்டு இயங்க மறுக்கின்றன. ஆகவே கேபிள் எரிந்துபோகவில்லை. டிரைவர்தான் வேண்டுமென்றே நிற்கிறது. புதிய டிரைவரை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் இதே விடைதான் வரும்.

இதற்கு மாற்று, அந்தத் தடை சேர்க்கப்படுவதற்கு முன் வெளிவந்த டிரைவர். 2010ஆம் ஆண்டின் 3.3.11.152 என்ற பதிப்பு இத்தகைய சிப்களுடன் 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் இயங்குகிறது. அதை நிறுவிய பிறகு டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் என்பதை அழுத்தி, இணையத்தில் தேடும்படி சொல்லாமல், கணினியில் உள்ள டிரைவர்களின் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற பொருளில் வரும் வழியில் போனால், நிறுவப்பட்டுள்ள எல்லாப் பதிப்புகளும் தேதியுடன் வரிசையாகத் தெரியும்; அவற்றில் பழையதைத் தேர்ந்தெடுங்கள். முக்கோணம் மறைந்து, போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம் எண்ணுடன் பெயர் வந்துவிட்டால் முதல் கேள்வி தீர்ந்தது.

ஆனால் இதை நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் அப்டேட் ஒருநாள் இரவு புதிய டிரைவரை மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டால், மறுநாள் காலையில் நெல் லாரி மேடையில் ஏறி நிற்கும்போது எடை வராது. டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ் என்ற இடத்தில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தி வைக்கலாம் என்றாலும், அது கணினியின் மற்றச் சாதனங்களையும் பாதிக்கும். விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் சில பழைய டிரைவர்களை அது ஏற்றவே விடாது. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடும்படி சிலர் சொல்வார்கள், பணப் புழக்கம் உள்ள கணினியில் அதைச் செய்யாதீர்கள். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலிச் சிப்களின் பிஐடியையே பூஜ்யமாக மாற்றி, அவற்றைப் பயன்படுத்த முடியாதபடி செய்தது. போலிச் சிப்பை நம்பி அன்றாடத் தொழிலை நடத்துவதில் உள்ள ஆபத்து இதுதான். ஆகவே பழைய டிரைவரைக் கொண்டு இந்த வாரத்தைச் சமாளித்துக்கொண்டு, அசல் எஃப்டிடிஐ சிப் உள்ள ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்டுக்கான தரநிலை) கேபிள் ஒன்றை நம்பகமான விற்பனையாளரிடம் பில்லுடன் வாங்கிவிடுங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். வாங்கும்போது ஆர்எஸ்-232 என்று சொல்லியே கேளுங்கள். சிறிய சர்க்யூட் போர்டுகளுக்காக விற்கும் டிடிஎல் வகைக் கேபிள் 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது, அதை இண்டிகேட்டரில் இணைத்தால் கேபிளின் சிப் கெட்டுவிடக்கூடும்.

புதுக் கேபிள் வாங்குவதற்கு முன் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒரு முறை பாருங்கள். டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில், பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லாவிட்டாலும், போர்டின் ஓரத்தில் காம் என்று அச்சிட்ட சிறிய பின் வரிசை இருக்கும். அடாப்டரைச் செருகாதபோதும் டிவைஸ் மேனேஜரில் காம் 1 தெரிந்தால், பெரும்பாலும் அது இந்தப் போர்ட்தான். அதிலிருந்து பின்பக்கத்துக்கு இழுக்கும் பிராக்கெட் கேபிள் விலை குறைவானது. தனி டிரைவரும் வேண்டாம், சிப் தொல்லையும் இல்லை. பிராக்கெட் கேபிள்களில் இரண்டு விதமான பின் அமைப்புகள் விற்பனையில் இருப்பதால், மதர்போர்டு கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். என் கருத்தில், இந்த வசதி இருக்குமானால் யுஎஸ்பி கேபிளை விட இதுவே மேல்.

அடாப்டரை விண்டோஸ் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். காம் எண்ணைப் பாருங்கள். பழைய பில் மென்பொருள்கள் பலவற்றில் காம் 1 முதல் காம் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும். விண்டோஸோ புதிய அடாப்டருக்கு 5, 7 என்று ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். போர்ட் செட்டிங்ஸ் தாவலில் அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி, காம் 3 போன்ற ஓர் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இன் யூஸ் என்று காட்டினால், முன்பு செருகிக் கழற்றிய அடாப்டர் ஒன்று அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கலாம். வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது மங்கலாகத் தெரியும், அதை அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். பிஎல்2303, சிஎச்340 வகைகளை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றிச் செருகினால் காம் எண்ணும் மாறிவிடுவது வழக்கம் என்பதால், பயன்படுத்தும் துளைக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, துடைக்கும்போதுகூட அதே இடத்தில் செருகும்படி ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்து, அடாப்டர் உண்மையிலேயே அனுப்பிப் பெறுகிறதா என்று சோதிக்க ஒரு துண்டு ஒயர் போதும். அடாப்டரின் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கனெக்டரை, ஐந்து ஊசி வரிசை மேலே இருக்குமாறு உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்தால், மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஊசி பெறுவதற்கு, மூன்றாவது அனுப்புவதற்கு, ஐந்தாவது கிரவுண்டு. இரண்டையும் மூன்றையும் ஒயரால் இணைத்துவிட்டு, புட்டி என்ற இலவச மென்பொருளில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் காம் எண்ணைக் கொடுத்து, ஃப்ளோ கன்ட்ரோலை நன் (None) என்றும் லோக்கல் எக்கோவை ஃபோர்ஸ் ஆஃப் என்றும் வைத்துத் திறந்து, விசைப்பலகையில் எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்து, ஒயரை எடுத்ததும் வராமல் நின்றால், டிரைவரும் அடாப்டரும் சரியாக இருக்கின்றன. ஒயரை எடுத்துப் பார்க்கும் இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். எழுத்து எங்கிருந்து வருகிறது என்பதை அதுதான் உறுதி செய்கிறது.

இனி இண்டிகேட்டரின் கேபிள். மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கேபிள் கனெக்டரின் ஐந்தாவது துளையிலும், சிவப்பு முனையை இரண்டாவதிலும் பிறகு மூன்றாவதிலும் வைத்துப் பாருங்கள். துளைகளுக்குப் பக்கத்தில் சிறிய எண்கள் பொறித்திருக்கும். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டும் துளைதான் இண்டிகேட்டர் அனுப்பும் ஒயர். அது இரண்டாவது துளையில் இருந்தால் அப்படியே செருகலாம். மூன்றாவதில் இருந்தால் இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும், அல்லது அந்த இரண்டையும் மாற்றித் தரும் நல் மோடம் (null modem) அடாப்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் கேபிளோ இண்டிகேட்டரின் வெளியீடோ பழுதாகியிருக்கிறது. அதற்குக் கணினியில் செய்ய ஒன்றுமில்லை. இண்டிகேட்டர் தொடர்ந்து அனுப்பும் நிலையில் இல்லாமல் பிரிண்ட் விசையை அழுத்தினால் மட்டும் அனுப்பும் நிலையில் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புட்டியின் திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலானோர் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். வருவதெல்லாம் புரியாத குறிகளாக இருந்தால் பாட் ரேட் பொருந்தவில்லை. 1200, 2400, 4800, 9600 என்று மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இண்டிகேட்டர் ஏழு பிட், ஈவன் பாரிட்டி (பிழையைக் கண்டறிய ஒவ்வோர் எழுத்துடனும் சேர்க்கும் கூடுதல் பிட்) முறையில் அனுப்ப, கணினி எட்டு பிட், பாரிட்டி இல்லை என்ற முறையில் படித்தால், 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் சரியாகவும் 1, 2, 4, 7, 8 ஆகியவை மட்டும் வேறு குறிகளாகவும் வரும். ஆட் பாரிட்டியாக இருந்தால் இது அப்படியே தலைகீழாகும். காலி மேடையில் 00000 சரியாகத் தெரிவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டால், 12480 கிலோ லாரி ஏறும்போது அந்த ஐந்து இலக்கங்களில் கடைசிப் பூஜ்யம் ஒன்றுதான் மிஞ்சும். மென்பொருள் எழுதியவர் புரியாத குறிகளைத் தள்ளிவிடும்படி எழுதியிருந்தால், சீட்டில் தப்பான எடை பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே அச்சாகிவிடும். அந்தச் சீட்டை நம்பித்தான் விவசாயி நெல்லுக்குப் பணம் வாங்குகிறார். ஆகவே சோதனையை எடையுள்ள வண்டியை ஏற்றியே செய்யுங்கள்; பத்து இலக்கங்களும் ஒருமுறையாவது திரையில் சரியாக வந்து போவதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள்.

சரியான பாட் ரேட்டும் பாரிட்டியும் தெரிந்தபின் புட்டியை மூடிவிட்டுத்தான் பில் மென்பொருளைத் திறக்க வேண்டும். ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். மதிப்புகளை அந்த மென்பொருளின் செட்டிங்ஸிலேயே கொடுங்கள். டிவைஸ் மேனேஜரின் போர்ட் செட்டிங்ஸ் தாவலில் பாட் ரேட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் பெரும்பாலும் பலனில்லை, ஏனெனில் போர்ட்டைத் திறக்கும் மென்பொருள் தன் மதிப்புகளையே அதன் மேல் வைத்துக்கொள்கிறது.

சிறிது நேரம் வேலை செய்து பிறகு நின்றுவிடுகிறது என்ற புகார் வந்தால், யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்குங்கள். யுஎஸ்பி பக்கத்தை எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டாதீர்கள். தூரம் தேவைப்பட்டால் ஆர்எஸ்-232 பக்கத்தை நீட்டுங்கள், அது 15 மீட்டர் வரை தாங்கும். மேடை திறந்த வெளியில் இருப்பதால் இடி மின்னல் வேளையில் இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் நம் பகுதியில், மின் தடுப்பு உள்ள ஐசொலேட்டட் வகை அடாப்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இண்டிகேட்டருக்குள்ளேயே பாட் ரேட்டை மாற்ற நேர்ந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. சில இண்டிகேட்டர்களில் அந்த மெனு, எடை திருத்தும் மெனுவுடன் சேர்ந்தே இருக்கும். அதைத் திறக்க எடையளவு ஆய்வாளர் வைத்த முத்திரையை உடைக்க வேண்டியிருந்தால், நீங்களோ கணினி ஆளோ அதைத் தொடாமல், உரிமம் பெற்ற எடைக்கருவி பழுதுபார்ப்பாளரையே அழையுங்கள். முடிந்தவரை இண்டிகேட்டர் எந்த மதிப்பில் அனுப்புகிறதோ அந்த மதிப்புக்கு மென்பொருளை மாற்றிக்கொள்ளுங்கள்.