லாகா, பதிலா? கமாண்ட் லைன் கேள்விகள்

வேலை முடிந்ததும் '12 கோப்புகள் மாற்றப்பட்டன' என்று காட்ட, பைத்தான் லாகரில் (நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் வசதி) இன்ஃபோவாக, அதாவது சாதாரணத் தகவல் நிலையில், போட்டேன். திரையில் ஒன்றுமே வரவில்லையே?

பைத்தான் லாகிங் தொடக்கத்தில் வார்னிங் நிலையில், அதாவது 30இல் நிற்கும். இன்ஃபோ வெறும் 20, அதனால் உள்ளேயே நின்றுவிடுகிறது. சரி, நிலையை இறக்கிவிடலாம் என்று தோன்றும். இறக்கினால், நீங்கள் இழுத்துப் போட்ட நூலகங்களின் இன்ஃபோ வரிகளும் சேர்ந்து கொட்டும். அந்த வரியையே வார்னிங்காக மாற்றுபவர்களும் உண்டு. நல்ல செய்திக்கு எச்சரிக்கைப் பலகை! அது லாகே இல்லை, பயனர் சொன்ன வேலைக்கான பதில். பேசாமல் பிரிண்ட் போடுங்கள்.

நிரலின் வெளியீட்டுக்கு இரண்டு வழிகள்: வழக்கமான வெளியீட்டுக்கு எஸ்டிடிஅவுட் (stdout), பிழைச் செய்திகளுக்கு எஸ்டிடிஎர் (stderr). எது எதற்குப் போகும்?

கேட்ட விளைவு மட்டும் எஸ்டிடிஅவுட்டுக்கு. முன்னேற்றம், எச்சரிக்கை, புலம்பல் எல்லாம் எஸ்டிடிஎருக்கு. நான் எழுதிய ஏற்றுமதிக் கருவி ஒன்று, 'இணைகிறது...' என்பதை எஸ்டிடிஅவுட்டில் எழுதியது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எஸ்டிடிஅவுட்டை மட்டும் திசைதிருப்பும் > குறியைப் போட்டுக் கோப்பில் சேமித்தபோது, சிஎஸ்வியின் தலைப்பு வரி இருக்க வேண்டிய இடத்தில் 'இணைகிறது...' உட்கார்ந்திருந்தது. இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் (curl) கருவி தன் முன்னேற்றப் பட்டையை எஸ்டிடிஎரில் காட்டுவது இதனால்தான்.

வார்னிங்குக்கும் எரருக்கும் எங்கே கோடு போடுவது?

கேட்டது கிடைத்ததா என்று பாருங்கள். கிடைத்தது, ஆனால் ஏதோ இடறுகிறது என்றால் வார்னிங். கிடைக்கவில்லை என்றால் எரர். கூடவே எக்சிட் கோடும் (முடியும்போது நிரல் திருப்பும் எண்; 0 என்றால் வெற்றி) 0 ஆக இருக்கக் கூடாது. சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு 0 திருப்பும் கருவியை ஸ்கிரிப்ட் நம்பி மேலே போய்விடும். கோப்பில் சொல் தேடும் கிரெப்பைப் (grep) பாருங்கள்: பொருந்தும் வரி இருந்தால் 0, இல்லாவிட்டால் 1, கோளாறு என்றால் 2. நிலைகளின் எண்களிலும் கவனம்: கணினிகளின் பொது லாக் முறையான சிஸ்லாகில் (syslog) 8 நிலைகள் உண்டு; அங்கே 0தான் உச்ச அவசரம், 7 டீபக். பைத்தானுக்கு நேர் தலைகீழ். சின்னக் கருவிக்கு நான்கு நிலைகளே தாராளம்.

கோப்பு இல்லையென்றால் முழு டிரேஸ்பேக்கும் (பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) காட்டலாமா?

வேண்டாம். எந்தப் பாதையில் தேடினீர்கள் என்று ஒரே வரி போதும். டிரேஸ்பேக், வெர்போஸ் (விரிவான வெளியீடு) கேட்பவருக்கு.

வண்ணம்?

எழுதுவது டெர்மினலுக்குத்தானா என்று ஐஸ்ஏடிடிஒய் (isatty) செயல்கூற்றிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பயனர் 'நோ கலர்' (NO_COLOR) சூழல் மாறி வைத்திருந்தால் அப்போதும் வேண்டாம்.

எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால் வரிசை குலைகிறதே?

பொதுவாக எஸ்டிடிஅவுட் கோப்புக்குப் போகும்போது பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) மொத்தமாகச் சேர்ந்துதான் இறங்கும், எஸ்டிடிஎர் காத்திருக்காது. அதனால் பிழை முந்திக்கொள்கிறது. பிழையை எழுதும் முன் எஸ்டிடிஅவுட்டை ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது சேர்ந்ததை உடனே இறக்கிவிடுங்கள்.