காலேஜ் பேராசிரியர்கள் யுஜி பசங்களை ஆராய்ச்சில சேத்துக்கறது டைம் வேஸ்ட்டா?

கேக்கறவர் புதுசா வேலைக்குச் சேந்த பயோகெமிஸ்ட்ரி ஆளுன்னு நினைக்கறேன். "யுஜி பசங்க பீக்கர் ஒடைக்கதான் லாயக்கு"ன்னு யாராவது சீனியர் சொல்லிருப்பாங்க. நானும் அப்படிச் சொல்லிட்டிருந்தவதான். வடசென்னைல ஒரு காலேஜ்ல இருபத்திரெண்டு வருஷமா பாடம் எடுக்கறேன், காலேஜ் பேர் வேணாம்.

எங்க லேப்ல ஒரு ஸ்பெக்ட்ரோ, ஒரு சென்ட்ரிஃபியூஜ், கதவைக் கயிறு போட்டுக் கட்டின ஒரு ஃபிரிட்ஜ், அவ்ளோதான். ஒரு வருஷம் ப்ராஜெக்ட் தலைப்பு கிடைக்காம உக்காந்திருந்தப்ப மூணாவது வருஷப் பொண்ணு ஒருத்தி, அவங்கம்மா காசிமேட்ல மீன் விக்கறவங்க, "மேம், செதிலெல்லாம் குப்பைக்குதான் போவுது, அதுல எதுனா இருக்குமா?"ன்னு கேட்டா. கொலாஜன் இருக்கே, தோலுக்கும் எலும்புக்கும் பலம் குடுக்கற புரோட்டீன்! சங்கரா செதிலைக் கழுவி, ஈடிடிஏல ஊறப்போட்டு கால்சியத்தை எடுத்துட்டு, அரை மோலார் அசிட்டிக் ஆசிட்ல 4 டிகிரில மூணு நாள் வெச்சா கொழகொழன்னு கரைஞ்சு வரும். நாத்தம்தான் தாங்காது. பக்கத்து கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இருந்து பிரின்சிபாலுக்கு பெட்டிஷனே போச்சு, அவங்க வாயு தயாரிக்கற கிப்ஸ் அப்பாரட்டஸை வெச்சு தினம் அழுகுன முட்டை நாத்தம் விடறப்ப நாங்க வாயத் தொறந்தோமா, சரி அதை விடுங்க.

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போச்சு. திங்கக்கிழமை வந்து பாத்தா சாம்பிள் தண்ணியா ஓடுது. மூணு புரியா முறுக்கின கயிறு மாதிரி இருக்கற கொலாஜன் பிரிஞ்சு ஜெலட்டினாயிடுச்சு. (அந்த மூணு புரி அமைப்பை 1954லயே மெட்ராஸ் யூனிவர்சிட்டில இருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொல்லிட்டாங்க, நம்ம ஊர் சரக்கு.) ஐஸ் போட்டு வெக்கத் தெரியாதான்னு அவளைப் பிடிச்சுக் கத்தினேன், என்னமோ கரண்டை அவதான் நிறுத்தின மாதிரி.

அவ அழல. "மேம், மாட்டுக் கொலாஜன்னா இந்தச் சூட்டுக்கே இப்படி ஆயிருக்குமா?"ன்னா. எனக்கு டக்குன்னு பதில் வரல. மாட்டைவிட மீன்ல, புரியைப் பிரியாம பிடிச்சு வெக்கற ஹைட்ராக்ஸிப்ரோலின்ங்கற அமினோ ஆசிட் கம்மி, அதனால புரி சீக்கிரம் பிரியும், குளிர் கடல் காட் மீனோடது 15 டிகிரி பக்கத்துலயே பிரிஞ்சுடும்னு வீட்டுக்குப் போய்ப் படிச்சுட்டு வந்து சொன்னேன். அடுத்த மூணு வாரம் அவளே வேணும்னே சூடு பண்ணி, பெட்டிஷன் போட்டவங்ககிட்டயே போய் கொழகொழப்பை அளக்கற விஸ்கோமீட்டர் கடன் வாங்கி அளந்தா. முப்பது டிகிரி தாண்டறதுக்குள்ள கிராஃப் சர்ருனு எறங்கிடுச்சு. அதுவரைக்கும் நாங்க செஞ்சது வெறும் எடுத்து வெக்கற வேலை, அதுக்கப்புறம்தான் அது ஆராய்ச்சி.

அது ஒரு சின்ன பேப்பரா வந்துச்சு. ஆத்தர் லிஸ்ட்ல நாலு பேரு, அவ பேரு கடைசில நன்றி சொல்ற இடத்துல. "யுஜிக்கெல்லாம் ஆத்தர்ஷிப் எதுக்கு"ன்னு கூட இருந்த சீனியர் சொன்னாரு, எனக்கு அப்ப ப்ரமோஷனுக்குப் பேப்பர் வேணும், நான் வாயத் தொறக்கல. "இதெல்லாம் எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்"னு கமெண்ட்ல வந்து சொல்லாதீங்க, தெரியும். அவ எம்எஸ்ஸி முடிச்சு வேற ஊர்ல வேலைக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் என் லேப்ல யாரு செஞ்சாங்களோ அவங்க பேரு உள்ள போகும், அவ்ளோதான்.

இப்பவும் அவங்கம்மாகிட்டதான் மீன் வாங்கறேன். "பாப்பா படிச்சதே உங்களாலதான் டீச்சரம்மா"ன்னுவாங்க, ஆனா வஞ்சிரத்துல பத்து ரூபா கொறைக்க மாட்டாங்க. நானும் பேரம் பேசறதில்ல.