சூடேறும் பழைய காருக்கு எஞ்சின் மாற்றத்தான் வேண்டுமா?

வட்டக்கச்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரண்டு வருடங்களுக்கு முன்னர் 1996 ஆம் ஆண்டின் நிசான் சன்னி எவ்.பி. 14 கார் ஒன்றை வாங்கினேன். அம்மாவை மாதம் ஒருமுறை வவுனியா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வதும் குடும்பத்தோடு கோயில்களுக்குப் போய்வருவதும் அதில்தான். சில மாதங்களாக, ஏ-9 வீதியில் ஏ.சி. போட்டுக்கொண்டு சீராக ஓடும்போது, மாங்குளம் தாண்டியதும் வெப்பநிலை ஊசி ஏறத் தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. காலையில் பார்த்தால் றேடியேற்றரில் அரைப் போத்தல் தண்ணீர் குறைந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்புகிறேன். கராஜில் தேர்மோஸ்ராட்டைக் கழற்றிவிட்டார்கள். சில வாரங்கள் சரியாக இருந்து, மீண்டும் அதே கதைதான். எஞ்சின் முடிந்துவிட்டது, ஜப்பான் எஞ்சின் ஒன்று மூன்றரை இலட்சத்துக்கு எடுத்துத் தருகிறேன், இல்லையேல் காரை எனக்கே தந்துவிடுங்கள் என்று தரகர் ஒருவர் சொல்கிறார். வாகனப் புத்தகம் இன்னமும் பழைய உரிமையாளரான குருநாகல்காரரின் பெயரில்தான் இருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிச் செல்ல வேண்டும். எஞ்சினை மாற்றவா, காரை விற்கவா?"

இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் காரில் அடைபட்டிருப்பது றேடியேற்றர். அதை அடைத்தது நீங்கள் தினமும் ஊற்றும் கிணற்றுத் தண்ணீர். எஞ்சினை எவரும் திறந்து பார்க்காமலேயே அது முடிந்துவிட்டதாக உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், ஆனால் நோய் இன்னதென்று காட்டுவது அதுதான். சந்தியில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் ஊசி ஏறினால், றேடியேற்றருக்குப் பின்னால் உள்ள மின்விசிறியையோ அதன் பியூஸ், றிலே என்பவற்றையோ சந்தேகிக்க வேண்டும். உங்கள் கார் ஓடும்போது சூடேறுகிறது. ஓடும் காருக்கு எதிர்க்காற்றே விசிறியாக இருக்கிறது. அவ்வளவு காற்று அடித்தும் சூடு இறங்கவில்லை என்றால், தண்ணீர் தேவையான அளவு றேடியேற்றருக்குள் ஓடவில்லை, அல்லது ஓடும் தண்ணீரின் சூட்டைத் தகடுகள் வெளியே விடவில்லை என்றே பொருள். வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் உண்டாக்கும் சூடு குறைகிறது, அடைபட்ட றேடியேற்றரும் அந்த அளவைச் சமாளித்துக்கொள்கிறது.

நமது கிணறுகளில் பெரும்பாலானவை வன்னீரைக் கொடுப்பவை. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதையும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் ஏறுவதையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்தப் படலம் சுண்ணாம்புப் பொருள். தண்ணீர் சூடாகும்போது பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. கேத்தலில் அது படிந்தால் தெரியும், சுரண்டியும் எடுக்கலாம். றேடியேற்றரின் குழாய்களோ தட்டையானவை, உள்ளே ஓர் ஈர்க்குப் போகும் அளவுக்கே இடமிருக்கும். கழித்துவிட்ட றேடியேற்றர் ஒன்றை வாளால் குறுக்கே அறுத்து எனது கராஜின் மேசையில் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட குழாய்களின் வாய் பல்லில் காரை பிடித்ததுபோல அடைந்திருக்கிறது. உங்கள் காரில் தினம் அரைப் போத்தல் தண்ணீர் ஒழுகிப் போகிறது. அது இருந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு போத்தலோடும் புதுச் சுண்ணாம்பும் வருகிறது. ஒழுக்கு அற்பமானதுதான் என்று விட்டுவிட்டதால்தான் அடைப்பு இவ்வளவு விரைவாக ஏறியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை அந்த ஒழுக்கைக் கண்டுபிடிப்பது. எஞ்சின் நன்றாக ஆறியபின் றேடியேற்றரின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி நல்ல கராஜ்களில் இருக்கிறது. அழுத்தம் ஏறியதும் ஹோஸ் குழாய்களின் கழுத்திலோ, வோட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துவாரத்திலோ, றேடியேற்றரின் ஓரத்திலோ கசிவு தெரியும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். ஜப்பான் கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரிக்குக் கிட்டத்தான் கொதிக்கும். இறப்பர் வளையம் காய்ந்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும், தண்ணீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். புது மூடிக்கு ஆகும் பணம் மிகச் சிறியது. பழைய எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள்.

அடுத்தது றேடியேற்றர். தலை செம்பாலும் பித்தளையாலும் ஆனதென்றால் ஈயப்பற்றை உருக்கித் திறந்து, கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தலையும் அலுமினிய உடலும் உள்ளதென்றால் அவ்வாறு திறப்பது வீண் வேலை. புதிய றேடியேற்றர் வாங்குவதே கணக்கு. அதற்கான செலவு, உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்றரை இலட்சத்தில் ஒரு சிறு பங்குதான். பற்றறி அசிட்டை ஊற்றிக் கழுவித் தருவதாகச் சொல்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம். சுண்ணாம்போடு அலுமினியமும் கரைந்துவிடும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூளும் சீல் பவுடரும் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அவை ஒழுகும் துவாரத்தை எங்கே அடைக்கிறதோ தெரியாது, ஒழுகாத குழாய்களை நிச்சயமாக அடைக்கும். றேடியேற்றரைக் கழற்றும்போதே தகடுகளுக்கு இடையிலும் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயவைத்த இடங்களைக் கடந்து வந்த கார்களில் பதரும் செம்புழுதியும் ஏ.சி.யின் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் பஞ்சுமெத்தைபோலப் படிந்திருப்பதை நான் பலமுறை அள்ளி எடுத்திருக்கிறேன். மெதுவான தண்ணீரால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும்.

நிரப்பும்போது கூலன்ற் திரவத்தையும் காய்ச்சி வடித்த நீரையும் போத்தலில் எழுதியுள்ள விகிதப்படி கலந்து விடுங்கள். அதன்பின் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் வேண்டாம்.

இனி தேர்மோஸ்ராட். அதைக் கழற்றி எறிந்தவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மூடிவைத்து, வந்ததும் திறந்துவிடும் கதவு அது. அக்கதவு இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதற்கு நீண்ட நேரம் எடுக்கும்; எஞ்சின் குளிராக இருப்பதாக எண்ணி அதன் கணினி பெற்றோலைக் கூடுதலாக விடும்; எரியாத பெற்றோல் சுவர்வழி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்; புகைப் பரிசோதனையிலும் தவறும். பிறகு புகைச் சான்றிதழை வேறு வழியில் எடுத்துத் தருவதாகச் சொல்லி இன்னொருவர் வருவார். எஞ்சினுக்குச் சூடு பகையல்ல என்பதை வன்னியில் நான் விளக்கத் தேவையில்லை. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. அந்தக் கைகளிடம் தொழில் பழகிய நாமே இன்று சூட்டுக்கு அஞ்சித் தேர்மோஸ்ராட்டைக் கழற்றுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கழற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், இருபுறமும் காடு, பொழுதும் சாய்கிறது, காரில் நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி சிவப்புக்குப் போய்விட்டது, தண்ணீர் நிறைய இருக்கிறது, விசிறி சுற்றுகிறது, எஞ்சின் கொதிக்கிறது. ஆனால் றேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கிறது. அப்படியானால் தேர்மோஸ்ராட் மூடியபடி இறுகிவிட்டது. அப்போது எஞ்சினை நிறுத்தி, ஒரு மணித்தியாலமாவது ஆறவிட்டு, கையால் தொட்டுத் தாங்கக்கூடிய நிலைக்கு வந்த பின்னர், அதன் கூட்டைக் கழற்றித் தேர்மோஸ்ராட்டை எடுத்துவிட்டு, கூட்டை மீண்டும் ஒழுகாமல் பூட்டி, தண்ணீர் நிரப்பி, ஏ.சி. இல்லாமல், மெதுவாக, கிட்டிய நகரம்வரை போகலாம். கழற்றியதை எறியாமல் வைத்திருங்கள், அதில் பொறித்துள்ள டிகிரியைப் பார்த்து அதேபோலப் புதிது வாங்குவதற்கு. அந்த வாரத்துக்குள் புதியதைப் பூட்டிவிட வேண்டும். மேல் ஹோஸ் சூடாக இருந்தால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது; தேர்மோஸ்ராட் திறந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம்.

எஞ்சின் உண்மையிலேயே பழுதாகியிருக்கிறதா என்ற அச்சத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். காலையில், குளிர்ந்த எஞ்சினில், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழி வருவது இயல்பு. விடாமல் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தால், எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஒயில் பார்க்கும் கோலில் பால்தேநீர் நிறத்தில் கலங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஹெட் கஸ்கட், அதாவது எஞ்சினின் உடலுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு, பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. கஸ்கட் போயிருந்தாலும் அது எஞ்சின் மாற்றும் வேலை அல்ல. இந்தக் காரின் எஞ்சினில் உடல் இரும்பு வார்ப்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் முதலில் வளைவது ஹெட். நேர்க்கோலும் இடைவெளித் தகடும் வைத்து அளந்து, 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் முகம் சீவி, புதுக் கஸ்கட் போட்டுப் பூட்டுவார்கள்.

தரகர் சொல்லும் ஜப்பான் எஞ்சின், எங்கோ கழித்த காரிலிருந்து கழற்றியது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எப்படிச் சூடேறியது என்று எவருக்கும் தெரியாது. அதைக் கொண்டுவந்து உங்களுடைய அடைபட்ட றேடியேற்றரிலேயே பூட்டப்போகிறார்கள். சில மாதங்களில் அதுவும் சூடேறும், அப்போது மூன்றாவது எஞ்சினுக்கு விலை பேசுவார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியதைப் பார்த்துப் பழகிய தரகர்கள், பயந்துபோன உரிமையாளரிடம் மலிவாக வாங்கி, றேடியேற்றரை மட்டும் மாற்றி, நல்ல விலைக்குத் தள்ளுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எஞ்சினை மாற்றினால் இன்னொரு சிக்கலும் வரும். எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறது. புதிய இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால், விபத்து நேரும் நாளில் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். பதியப் போனாலோ, விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். அவர் குருநாகலில் இருக்கிறார்.

இந்த இடத்தில் உங்களை நான் கண்டிக்கவே வேண்டியிருக்கிறது. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் இரண்டு வருடங்களாக, உங்கள் பெயருக்கு மாற்றாத திறந்த பத்திரத்தில் ஓட்டுகிறீர்கள். தவறு உங்களுடையது மட்டுமல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கையில் இருந்தால் வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடுகிறது. காரை வைத்திருப்பவர்தான் உரிமையாளரா என்று அந்த மேசையில் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காத நிருவாகம், பிறகு ஒரு கையெழுத்து பொருந்தவில்லை என்று சாதாரண மனிதனை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்கு அலையவைக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, இரவு பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டுத் திரும்பியவர்கள் என் கராஜில் வந்து அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே மக்கள் தரகரிடம் பத்திரங்களைக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டாம். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் எதனுடைய பெயராவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அவர்களுடைய விடுவிப்புக் கடிதம் இல்லாமல் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. பின்னர் குருநாகல்காரரோடு தொலைபேசியில் பேசி, நேரில் போய், உங்கள் கண்முன்னே உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தும் அடையாள அட்டைப் பிரதியும் வாங்குங்கள். அவர் வெளிநாடு போனாலோ காலமானாலோ இந்த வேலை பத்து மடங்காகிவிடும்.

பொங்கலுக்கு முன்னர் அழுத்தச் சோதனை, மூடி, றேடியேற்றர், தேர்மோஸ்ராட், கூலன்ற் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் செய்து முடிக்கலாம். முடிந்ததும் அம்மாவை முன் ஆசனத்தில் இருத்தி, ஏ.சி.யைப் போட்டு, தருமபுரம், விசுவமடு வழியாகப் புதுக்குடியிருப்பு வரை ஒருமுறை ஓடிப் பாருங்கள். வழியில் ஊசி ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு நிழல் பார்த்து நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம். ஊசி போகவும் வரவும் நடுவுக்குக் கீழேயே நின்று, மறுநாள் காலையில் தண்ணீரும் குறையாமல் இருந்தால், வற்றாப்பளைக்குத் தயங்காமல் புறப்படலாம்.