முகாம் வாசல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஒரு பெண், கணவனின் அடி தாங்காமல் வெளியேறினாள். காப்பகத்தில் இடம் கிடைத்தது. கூட வந்த நாயைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். திரும்பி அந்த வீட்டுக்கே போய்விட்டாள். ஒரு செல்லப்பிராணிக்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவீனம் இல்லையா? காப்பகங்களில் விலங்குகளை அனுமதிப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

அறிவீனம் என்று எழுதும்போது உங்கள் கை சற்றுத் தயங்கியிருக்க வேண்டும். மனைவியை அடிக்கிறவன், அவள் போன மறுநாள் எதை உதைப்பான்? அவளுக்குத் தெரியும்.

காவிரி பெருகினாலே எனக்கு 2018 ஆகஸ்ட் நினைவுக்கு வந்துவிடுகிறது. மேட்டூரில் திறந்துவிட்ட நீர் பவானியில் கரையோர வீடுகளுக்குள் ஏறியது. ஜமக்காளம் நெய்கிற வீடுகளில் தறிக்குழிதான் முதலில் நிரம்பும். சோற்றுப் பொட்டலம் கொடுக்க ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தேன். இரும்புக் கதவுக்கு வெளியே ஓர் ஆத்தா, பக்கத்தில் செவலை நாய். அதன் கழுத்தில் ஜமக்காளத்துக் கழிவு நூலை முறுக்கிய சிவப்பும் பச்சையுமான பிரி. மறுமுனை அவர் மணிக்கட்டில். உள்ளே வரச் சொன்னேன். "இதையும் விடுவார்களா?" என்றார். பொட்டலத்தைப் பிரித்து முதல் உருண்டையை நாய்க்கு வைத்தார். வராந்தாவில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது. நான் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து மெத்தையில் படுத்துக்கொண்டேன்.

'செல்லப்பிராணி' என்ற சொல்லை முதலில் விடுங்கள். என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், வாயில் அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. பட்டிநாய் என்பார். இரவில் படலைச் சாத்திவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொள்வார். குரைப்பை வைத்தே வந்தது நரியா ஆளா என்று சொல்லிவிடுவார். மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்று கொண்டாடுகிற சீமை இது. 'செல்லம்' என்றதும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் காதில் அது வசதிக்காரர் விளையாட்டாக விழுகிறது. வேண்டாம் என்பது சுலபமாகிவிடுகிறது. வீட்டுக் காவல் என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பார்.

குரைக்கும், கடிக்கும், நாறும் என்பதெல்லாம் பெரிய காரியமில்லை. பின்பக்கம் ஒரு கொட்டகை, ஒரு சங்கிலி, தடுப்பூசிச் சீட்டு. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது விலங்குகளை விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வீட்டு விலங்குகளுக்கும் இடம் வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அது புயலுக்கும் வெள்ளத்துக்கும். அடிக்கிற கணவனுக்கு அல்ல.

அந்தப் பெண்ணைப் பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைக்கச் சொல்லுங்கள்; வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென அரசு நடத்தும் 'சகி' மையத்தில் 5 நாள்வரை தங்கலாம். நாய்க்கு? உங்கள் அம்மா தோட்டத்தில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே கட்டுத்தரையில் ஒரு மூலை கிடைக்காதா? உங்கள் வீட்டில் மட்டும் கட்டாதீர்கள். அதே தெரு, அவன் தேடி வருவான். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அவளிடம் கேட்டுவையுங்கள்.