ஆசிரியர் பணியை விட்டுவிடலாமா?

கேள்வி:

"நான் கணிதத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்தவள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்கு ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். தகுதித் தேர்வு இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றும் அரசு வேலை கிடைக்கவில்லை. பி.எட். படித்தபோது பாடக்குறிப்பும் ரெக்கார்டும் எழுதியே கை ஓய்ந்தது. வகுப்பில் நிற்கும்போது அவற்றில் எதுவும் கைகொடுப்பதில்லை. ஏழாம் வகுப்பில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் ஏழில் இரண்டு என்று எழுதுகிறார்கள். மீச்சிறு பொது மடங்கு கண்டு கூட்டும் முறையை எத்தனை தடவை பலகையில் போட்டுக் காட்டினாலும் அடுத்த வாரம் மறுபடியும் ஏழில் இரண்டுதான். எனக்குக் கற்பிக்க வரவில்லையோ என்று தோன்றுகிறது. மே மாதம் அட்மிஷனுக்காக வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள். என் அசல் சான்றிதழ்களும் பள்ளியில்தான் இருக்கின்றன. 'இதை விட்டுவிட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படி' என்கிறார் அப்பா. பிளஸ் டூ படிக்கும் தங்கையும் டீச்சராக வேண்டும் என்கிறாள். அவளையாவது தடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். நான் என்ன செய்யட்டும்?"

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கற்பிக்க வரவில்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். பாதி வகுப்பு ஒரே தவற்றை ஒரே மாதிரி செய்கிறது என்பதைக் கவனித்து, அதை மனத்தில் வைத்து வருந்தி எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறவர்களுக்கு இந்த வருத்தம் வருவதில்லை. உங்கள் திறமை, நீங்கள் வேலை பார்க்கும் பள்ளி, ஆசிரியத் தொழில் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் எல்லாவற்றையும் உதறிவிடலாமா என்று தோன்றுகிறது. தனித்தனியே பார்ப்போம். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பிள்ளைகள் கவனக்குறைவால் தவறு செய்யவில்லை. பின்னத்தை ஓர் அளவாகப் பார்க்காமல் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று இரண்டு முழு எண்களாகப் பார்க்கிறார்கள். ஆகவே மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டுகிறார்கள். அடுத்த முறை கூட்டும் முறையை எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். 'மூன்று மா ஓர் ஏக்கர்' என்பது நம் பக்கத்தில் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 33 சென்ட். "தாத்தாவுக்கு ஒரு மா நிலம் இருந்தது, பக்கத்தில் கால் ஏக்கர் வாங்கினார், இப்போது மொத்தம் எத்தனை சென்ட்?" என்று கேளுங்கள். முப்பத்து மூன்றும் இருபத்தைந்தும் ஐம்பத்தெட்டு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். பிறகு, அவர்கள் எழுதிய ஏழில் இரண்டு ஏக்கருக்கு எத்தனை சென்ட் என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருபத்தெட்டும் சொச்சமும் வரும். நிலம் வாங்கிய பிறகு தாத்தாவுக்கு முன்பிருந்ததும் குறைந்துபோயிருக்கிறது. "அதெப்படி டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பிறகுதான் பொது மடங்குக்கு வகுப்பில் வேலை வருகிறது: ஏக்கரைப் பன்னிரண்டு கூறாக்கினால் ஒரு மா நான்கு கூறு, கால் ஏக்கர் மூன்று கூறு, ஆக ஏழு கூறு.

இந்த அறிவு கணிதப் பட்டத்தோடு தானாக வந்துவிடுவதில்லை. கல்வி உளவியல் தாளிலும் கிடைப்பதில்லை. ஒரு பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகிறார்கள், ஏன் இடறுகிறார்கள், எந்த எடுத்துக்காட்டைக் கொண்டு அதைக் கடக்க வைக்கலாம் என்பதை அறிவது பாட அறிவிலிருந்தும் பொதுவான கற்பித்தல் முறைகளிலிருந்தும் வேறான ஒரு தனி அறிவு என்று 1986-இல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் எடுத்துக்காட்டினார். அது வகுப்பில்தான் பிறக்கிறது. உடனிருந்து பார்த்துப் பேசுகிற ஒருவர் இருந்தால் விரைவாகப் பிறக்கிறது. 2015-16 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாக்கப்பட்டு, அதில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்று வகுக்கப்பட்டதன் நோக்கமும் அதுவே. ஆனால் பல பள்ளிகளில் பயிற்சிக்கு வருகிறவர் விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருக்கும் ஆளாகவே பயன்படுத்தப்படுகிறார். செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் எனப்படும் தேர்வாளர் குழு வரும் நாளில் வண்ணத் தாள் ஒட்டிய துணைக்கருவிகளும் தடித்த ரெக்கார்டுகளும் மேசைமேல் அடுக்கப்படுகின்றன. அவர் கற்பித்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தவர் ஒருவரும் இருப்பதில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை அளித்தபோது, பணிக்கு முந்தைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தனியாரிடம் இருந்தன. தனித்தியங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்பவையே என்று அந்த ஆணையத்தைச் சுட்டி 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே எழுதியது. அந்தக் கொள்கையோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு. இந்த ஓர் இடத்தில் அது சொல்வது உண்மை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. தொடக்க, இடைநிலைக் கல்விக்கு 2030-க்குள் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்றும், அவர்களில் ஒன்றரைக் கோடிப் பேர் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் தேவை என்றும் யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட உலக அறிக்கை கூறுகிறது. அதைவிட என்னை உறுத்தியது வேறொரு கணக்கு: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஆண்டுதோறும் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 2015-இல் 4.6 விழுக்காடாக இருந்தது, 2022-இல் 9 விழுக்காடாகியிருக்கிறது. வருகிறவர்கள் நிலைப்பதில்லை. இதே படிப்புள்ள வேறு தொழிலர்களைவிடத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் குறைவாகச் சம்பளம் தரும் நாடுகள் ஏறத்தாழப் பாதி என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

ஜப்பானைப் பாருங்கள். ஒரு பாடத்தை ஆசிரியர்கள் சிலர் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று குறிப்பெடுத்து, மாலையில் உட்கார்ந்து அந்த ஒரு பாடத்தைப் பற்றியே பேசும் 'பாட ஆய்வு' என்ற வழக்கம் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஆசிரியர் வளர்ச்சிக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன். ஆனால் அதே ஜப்பானில் கீழ் இடைநிலை ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார் என்று 2018-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி ஏறத்தாழ 38 மணிதான். ஆக, நல்ல பயிற்சி மட்டும் போதாது. ஆசிரியருக்கு நேரமும் வேண்டும், வாழத் தக்க ஊதியமும் வேண்டும். சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் தருகிறார்கள். பின்லாந்தில் 1970-களின் இறுதியிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும். ஆசிரியர் கல்வி தரும் பல்கலைக்கழகங்கள் பயிற்சிக்கென்றே சொந்தப் பள்ளிகளை நடத்துகின்றன.

ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் கடற்கரைக்குப் புதியது அன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1716-இலேயே அங்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், நம் உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் ஒட்டி ஒரு முறையை வகுத்து, 1797-இல் இங்கிலாந்தில் அதை அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளியில் அது ஊரோடும் உறவோடும் இயங்கிய ஏற்பாடு; அங்கே போனபின், ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் சமாளிக்கும் உபாயமாக மாறிவிட்டது. ஆசிரியரை மலிவாகவும் விரைவாகவும் உண்டாக்கிவிடலாம் என்ற ஆசை அரசுகளை அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. தொகுப்பூதியம், பகுதி நேரம், தற்காலிகம் என்று பெயர்கள் மாறுகின்றன. உலகத்துக்கு 4.4 கோடி ஆசிரியர் தேவை என்னும்போதே நம் மாநிலத்தில் பி.எட். முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதன் மர்மமும் இதுதான்: பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேவைப்படுவது ஒன்று, அந்தத் தேவைக்குச் சம்பளத்தோடு ஒரு பணியிடத்தை உருவாக்குவது வேறொன்று.

தேர்வுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் இது தீராது. தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் சேர்ந்து, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், நம் மாவட்டங்களில் தலைநரைத்த ஆசிரியர்கள்கூட வினா வங்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழில் இரண்டு என்று எழுதிய பிள்ளையிடம் நீங்கள் என்ன பேசுவீர்கள் என்பதை எந்தக் கொள்குறி வினாவும் சோதிக்காது.

ஆசிரியர் நிலை குறித்து 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் நிறைவேற்றப்பட்ட பன்னாட்டுப் பரிந்துரையை ஒட்டியே அந்த நாள் உலக ஆசிரியர் நாளாயிற்று. புதிதாகச் சேர்ந்தவரின் தகுதிகாண் காலம் அவரை ஊக்கப்படுத்தித் தொழிலுக்குள் அழைத்துவரும் வாய்ப்பாகக் கருதப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு அதை யாரும் செய்யவில்லை. நீங்களே ஏற்படுத்திக்கொள்ள முடியும். உங்கள் பள்ளியில் நீங்கள் நம்பும் ஒரே ஓர் ஆசிரியையைத் தேர்ந்தெடுங்கள். அவர் தமிழாசிரியையாக இருந்தாலும் சரி. வாரத்தில் அவருக்கு ஓய்வாக உள்ள ஒரு பாடவேளையில் உங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லுங்கள். உங்களைப் பார்க்க வேண்டாம், இரண்டு பிள்ளைகளின் நோட்டை மட்டும் பார்த்து அவர்கள் எந்த வரியில் தடுமாறினார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நீங்கள் அவருடைய வகுப்பில் உட்காருங்கள். முதல்வரிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். குறை கண்டுபிடிப்பதற்காக அல்ல என்பதையும் சொல்லுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பேசும் குறுவள மையக் கூட்டம் என்ற ஏற்பாடாவது இருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அதுவும் இல்லை என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

இனி, பள்ளி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத்து மூலம் கேளுங்கள், கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத வேறு வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. கஜா புயலின்போது பள்ளிகள் நிவாரண முகாம்களானதும் ஆசிரியர்கள் அங்கே நின்றதும் முறையானவை. அட்மிஷனுக்கு வாசல் வாசலாக ஏறுவது அப்படிப்பட்டதன்று. இன்னொன்று: ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய ஆசிரியருக்குத் தனியார் பள்ளியும் பணிக்கொடை தர வேண்டும் என்பதை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நான்கு ஆண்டுகள் முடித்துவிட்டீர்கள். வேறு காரணத்துக்காகப் பள்ளியை மாற்றுவதாக இருந்தாலும் ஐந்தை நிறைவு செய்துவிட்டு மாற்றுங்கள்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். அதில் எந்தக் குற்றமும் இல்லை. உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுக்கும் சேர்த்தே படியுங்கள், அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் எனக்குக் கற்பிக்க வராது என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஊதியம் போதவில்லை என்று போகிறவர் நல்ல பணியிடம் கிடைத்தால் வகுப்புக்குத் திரும்பி வருவார். தன்னால் முடியாது என்று நம்பிப் போகிறவர் திரும்புவதில்லை. அப்பாவிடமும் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். மகள் வாங்கும் சம்பளத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார், அது நியாயம்தான்.

தங்கையைத் தடுக்க வேண்டாம். சரியான வாசலைக் காட்டினால் போதும். சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க விருப்பம் என்றால் பி.எட். வழியாகப் போக முடியாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. பிளஸ் டூவுக்குப் பின் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே அதற்கு வழி. அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் அந்தப் படிப்பு எங்கெங்கே நடைபெறுகிறது என்று முதலில் விசாரியுங்கள். மேல் வகுப்புகள் என்றால் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி. பி.எட். சில கல்லூரிகளில் இருக்கிறது. எந்த நிறுவனமானாலும் பணம் கட்டுவதற்கு முன் நீங்களே தங்கையோடு நேரில் போய், பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், எத்தனை வாரம் அனுப்புவார்கள், அங்கே அவள் பாடம் நடத்தும்போது உடனிருந்து பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவிகளிடமும் இதே கேள்விகளைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.